அம்மாவுக்குத் தண்ணீரைக் குறைத்தேன்

ஒரு சாவு வீட்டில்தான் எனக்கு முதலில் தெரிந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் வயதான ஒருவர் இறந்துபோனார். அம்மாவும் நானும் போயிருந்தோம். அம்மா மற்றப் பெண்களோடு உட்கார்ந்து ஒப்பாரி சொன்னார். இறந்தவரின் பெயர், அவர் சம்சாரத்தின் பெயர், மூன்று மகள்மாரும் கட்டிக்கொண்டுபோன தோட்டங்களின் பெயர், எல்லாம் வரிசையாக வந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

திரும்பி மேட்டில் ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார்.

"ஏன்டா, யாரு செத்தது?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா எப்போதும் கேலி பேசுகிறவர். "நீங்கதான் பெரியம்மா. தூக்கிக்கிட்டுத்தான் போறோம், பேசாம வாங்க" என்றான் ஒருவன். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஐந்தாம் ஆண்டு வரை படித்தவன். அதற்குப் பிறகு தேயிலை மலையில் வேலை. இப்போது ஐம்பத்தாறு வயது. கவ்வாத்து வெட்டுகிறேன் (உயர்ந்துபோன தேயிலைச் செடியை மறுபடி துளிர்க்கும்படி கட்டையாக வெட்டிவிடும் வேலை). எழுதிப் பழக்கமில்லை. ஆனால் கிளினிக் நாளில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும்போது என்னைப் போலத் தாயையோ தகப்பனையோ கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். ஒவ்வொருவரிடமும் போய்ப் பேச எனக்கு வராது. அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த தப்பை அவர்கள் செய்ய வேண்டியதில்லை.

சாவு வீட்டுக்குப் பிறகு ஒரு வருஷம் சின்னச் சின்னதாக வந்தது. பானையில் சோறு இருக்கும்போதே மறுபடி அரிசி களைவார். தலை சீவி முடித்துவிட்டுச் சீப்பைத் தேடுவார். வயசு என்று விட்டுவிட்டோம். தோட்டத்து மருந்துக் காம்பராவில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அம்மா அதை ஒழுங்காகக் குடித்தார். குடித்ததை மறந்து இன்னொரு தரமும் குடித்தார்.

ஒருநாள் என் மனைவி தனத்தைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்டார். முப்பது வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். தனம் அழவில்லை. "ஒங்க வீட்டுப் புள்ளதான் அத்தே. திருப்பி அனுப்ப முடியாது" என்றாள். அடுத்த வாரம் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

டொக்டர் சிங்களப் பெண். வயது குறைவு. தமிழும் ஓரளவு பேசினார். அம்மாவிடம் இன்று என்ன தேதி என்று கேட்டார்.

"எனக்கு எதுக்குத் தேதி? நான் என்ன பெரட்டுக்கா போறேன்?" என்றார் அம்மா. பெரட்டு என்றால் விடியற்காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் இடம். டொக்டருக்கு அது தெரிந்திருந்தது. சிரித்தார்.

பிறகு பேனாவும் தாளும் கொடுத்து ஒரு மணிக்கூடு வரையச் சொன்னார். நோயாளி மணிக்கூட்டை எப்படி வரைகிறார் என்பதை வைத்து மூளையைச் சோதிப்பார்களாம். அம்மா வாழ்நாளில் பேனா பிடித்ததில்லை. கட்டை விரலை நீட்டி, "எங்க வைக்கணும்னு காட்டுங்க" என்றார்.

டொக்டர் தாளை எடுத்து வைத்துவிட்டார். கொழுந்து எப்படிப் பறிக்க வேண்டும் என்று கேட்டார். அம்மா கையால் காட்டிக்காட்டி விளக்கினார். முத்தல் இலை சேர்ந்தால் மேற்பார்வை பார்க்கும் கணக்கப்பிள்ளை என்ன திட்டுவார் என்பதையும் சொன்னார். அதைத் தனம்கூடக் காது பொத்திக்கொண்டு கேட்டாள். கடைசியில் டொக்டர், "முதலில் மூன்று பெயர் சொன்னேனே. பூ, பஸ், வாழைப்பழம். ஞாபகம் இருக்கா?" என்றார்.

அம்மா டொக்டரின் கையைப் பார்த்தார். "நீங்க எதுவும் குடுக்கலியே" என்றார்.

இரத்தம் எடுத்தார்கள். கண்டிக்கு அனுப்பித் தலையைப் படம் பிடித்தார்கள். டிமென்சியா என்று எழுதினார்கள் (மூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நினைவும் நிதானமும் குறைந்துபோகும் நோய்). மாத்திரையால் குணமாகாது, கொஞ்சம் தாமதப்படுத்தலாம் என்றார் டொக்டர். பழகிய இடம், பழகிய ஆட்கள், பழகிய வேலை, இவற்றை மாற்றாதீர்கள் என்றும் சொன்னார்.

அதைக் கேட்டுக்கொண்டு வந்த மூன்றாம் மாதம் இடத்தை மாற்றினோம்.

வேறு வழியில்லை. எங்களுக்குத் தனி வீடு கிடைத்தது. என் பாட்டன் காலத்திலிருந்து லயத்தில் (ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வரிசை) ஒரே காம்பராவில் இருந்த குடும்பம். தகரக் கூரை, பொதுச் சுவர். பக்கத்துக் காம்பராவில் தும்மினால் நாங்கள் ஆயுசு நூறு சொல்லுவோம். தனி வீட்டுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து நாலு வருஷம் அலைந்தேன். இரண்டு அறை, ஒரு ஹோல், சமைக்கக் குசினி. குசினிக்குப் பக்கத்திலேயே வீட்டுக்குள் கக்கூஸ். வெள்ளைத் தட்டுக்கல் பதித்தது. லயத்தில் கக்கூஸ் தூரத்தில் இருந்தது. ஆறு குடும்பத்துக்கு ஒன்று.

பால் காய்ச்சிய அன்று அம்மா சுவர் சுவராகத் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்குடா" என்றார். எனக்கு அது போதும் என்று இருந்தது.

ஒரு வாரத்தில் தொல்லை தொடங்கியது. அம்மா கக்கூசுக்குப் போகவில்லை. வழி மறந்துவிட்டார் என்று நினைத்தோம். கதவில் சிவப்புத் துணி கட்டினேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். வாசல் வரை வருவார், உள்ளே எட்டிப் பார்ப்பார், "வரல" என்று திரும்பிவிடுவார். பிறகு யாரும் பார்க்காத நேரம் பின்கதவால் தேயிலைக்குள் போய்விடுவார். மழை நாளில் அப்படிப் போய் வழுக்கி விழுந்தார். கெண்டைக்காலில் மூன்று அட்டை. நல்லவேளை எலும்பு முறியவில்லை.

அன்றைக்குப் பின்கதவுக்குப் பூட்டுப் போட்டேன்.

அதன் பிறகு அம்மா அடக்கிக்கொண்டார். முடியாமல் போகும்போது உடுத்தியிருந்த சேலையிலேயே போனது. காலையில் படுக்கை நனைந்திருக்கும். எங்கள் மலையில் போர்வை துவைத்தால் காய மூன்று நாள் ஆகும். தனம் ஏழு மணிக்கு மலைக்குப் போக வேண்டும். நானும் போக வேண்டும். மத்தியானச் சோற்றுக்கு வரும்போதுதான் அம்மாவைப் பார்ப்போம்.

அப்போதுதான் தண்ணீரைக் குறைத்தேன்.

அம்மா நாள் முழுக்கச் சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கிறவர். குளிரில் வேலை செய்த பழக்கம். மூன்று மணிக்குப் பிறகு ஒன்றும் கொடுக்காதே என்று தனத்திடம் சொன்னேன். அவள், "கேக்குதுங்க பாவம்" என்றாள். "கேட்டத அது மறந்துரும்" என்றேன். பிறகு பகலிலும் குறைத்தேன். காலையில் ஒரு கோப்பை, மத்தியானம் அரைக் கோப்பை.

படுக்கை காய்ந்திருந்தது. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அம்மா வேறு ஆளானார். இதுவரை மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. இது நாலே நாளில் வந்தது. சுவரில் பிள்ளைகள் தொங்குகிறார்கள் என்றார். சோறு கொடுத்த தனத்தின் கையைக் கடித்தார். பகலில் தூங்கி வழிந்தார், எழுப்பினால் திட்டினார்.

ஒரு பகல் நான் வேலை முடித்துக் கவ்வாத்துக் கத்தியோடு வீட்டுக்குள் வந்தேன். அம்மா என்னைக் கண்டதும் சுவரோடு ஒட்டி நின்று, முந்தானையால் தலையை மூடி, கையெடுத்துக் கும்பிட்டார்.

"அய்யா, புள்ளைக்குக் காய்ச்சல். அதான் பிந்திப் போச்சு. அரைப்பேர் போட்றாதீங்கய்யா."

அரைப்பேர் என்றால் அரை நாள் வேலை என்று பதிவது. என்னைக் கணக்கப்பிள்ளை என்று நினைத்துவிட்டார். காய்ச்சல் கண்ட அந்தப் பிள்ளை நானா என் தம்பியா, தெரியாது. நான்தான் உங்கள் மகன் என்று இரண்டு தரம் சொன்னேன். இன்னும் அதிகமாக நடுங்கினார். பிறகு, "முழுப்பேர் போட்டாச்சு, போங்க" என்றேன். அப்போதுதான் கையை இறக்கினார்.

தம்பி ரவிக்குக் கொழும்பில் இரும்புக் கடையில் வேலை. போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணே, நான் ஒரு எடம் விசாரிச்சு வச்சிருக்கேன். நுவரெலியா பக்கம். மாதா கோயில்காரங்க நடத்துறது. சுத்தமா இருக்கு. பெரியவங்களப் பாக்கவே பழகின ஆளுங்க" என்றான்.

"அங்க அம்மா யார்கூடப் பேசும்?"

"இப்ப யார்கூடப் பேசுது?"

படிவம் இருந்தால் அனுப்பச் சொன்னேன்.

அடுத்த நாளே தம்பி படிவம் அனுப்பினான். மூத்த மகன் கையெழுத்துப் போட வேண்டும், கிராம சேவகர் சீல் வைக்க வேண்டும். இரண்டும் ஆனது. திங்கட்கிழமை தம்பி வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. தனம் அம்மாவின் இரண்டு சேலையையும் ஸ்வெட்டரையும் மடித்து ஒரு பையில் வைத்தாள். அந்தப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அறை அறையாகத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

உங்களில் யாராவது இப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதற்காக வெட்கப்பட வேண்டாம். நான் போட்டது முடியாமல்தான். முடியாமல் போவது குற்றமில்லை.

சனிக்கிழமை காலை அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கிப் போட்டது. ஆட்டோவில் என் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். அவ்வளவு இலேசாக இருப்பார் என்று நினைக்கவில்லை. பெண்கள் வார்ட்டில் போட்டார்கள். ஆம்பிளை தங்க முடியாது. தனம் தங்கினாள். நான் வெளியே நடையில் நின்றேன்.

மத்தியானம் அதே டொக்டர் வந்து என்னை உள்ளே கூப்பிட்டார். சிங்களத்தில் சொன்னார். எனக்குப் புரியும்.

அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று (மூத்திரப் பையில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வருவது). வயதானவர்களுக்கு அது வந்தால் முதலில் தலைதான் கலங்குமாம். அதற்கு டெலீரியம் என்று பெயர் (உடம்பில் வந்த வேறு நோயால் மூளை திடீரெனக் குழம்பிப்போவது, நோயைக் கவனித்தால் பெரும்பாலும் தெளியும்). பழைய மறதி நோய் வேறு, இது வேறு என்றார்.

"அப்ப சுவர்ல புள்ளைங்க தெரிஞ்சது, கடிச்சது எல்லாம்?"

"பெரும்பாலும் இதனாலதான் இருக்கும். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடுத்தீங்க?"

சொன்னேன். அவர் பேனா நின்றது.

"ஏன் அவ்வளவு குறைவா?"

அதையும் சொன்னேன். படுக்கை, போர்வை, பூட்டு எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள், யாரும் சொல்வதில்லை, நீங்கள் சொன்னது நல்லது என்றார். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும், அடக்கினால் கிருமி பெருகும் என்று விளக்கினார். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் நடைக்கு வந்து, குழாயில் வாய் வைத்து நிறையத் தண்ணீர் குடித்தேன். ஏன் என்று தெரியவில்லை.

சேலைனும் கிருமி மருந்தும் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் இறங்கியது. திங்கள் காலை தனம் வார்ட்டு வாசலுக்கு வந்தாள். முகத்தில் களைப்பு. ஆனால் சிரிக்கப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

"என்னங்க, ஒரு கூத்து கேளுங்க. ஒங்கம்மா தானா எந்திரிச்சு கக்கூசுக்குப் போவுது."

"எங்க?"

"வார்ட்டு கடைசியில. ராத்திரியிலருந்து மூணு தரம். அம்மாங்க வரிசையில நிக்கிறாங்க. இதுவும் போய் நின்னு, மொறை வந்ததும் போயிட்டு, காலக் கழுவிட்டு வருது. மிஸ்ஸிகூட சொல்றாங்க, இந்த அம்மா நல்ல ஒழுங்குன்னு." மிஸ்ஸி என்று தாதியைச் சொன்னாள்.

"வீட்டுல அஞ்சடி போகமாட்டேங்குதே."

"அதத்தான் நானும் கேட்டேன். ஏன் அத்தே, நம்ம வீட்டுல மட்டும் போகமாட்டேங்குறீங்கன்னு. என்னா சொல்லுச்சு தெரியுமா? 'வீட்டுக்குள்ளயா? சோறாக்குற எடத்துக்கிட்டயா? ஒனக்கென்னா புத்தி கெட்டுப் போச்சா?'" தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "யாருக்குப் புத்தி கெட்டுதுன்னு அந்த டொக்டர்கிட்ட ஒரு சோதனை வைக்கச் சொல்லணும்."

நான் நடை வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வழியை மறக்கவில்லை. எழுபத்தெட்டு வருஷம் வீட்டுக்குத் தூரத்தில் போய்ப் பழகியவர். அடுப்புக்கும் சாமி படத்துக்கும் பக்கத்துச் சுவரில் அதைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. நாங்கள் நாலு வருஷம் அலைந்து வாங்கியது அவருக்கு அசிங்கமாகப் பட்டிருக்கிறது. மருமகளிடம் சொல்லவும் வார்த்தை வரவில்லை. அதனால் அடக்கியிருக்கிறார்.

பன்னிரண்டு மணிக்குத் தம்பி வந்தான். கொழும்பிலிருந்து விடியற்காலை ரயில். ஹட்டனில் இறங்கி நேரே வந்திருந்தான். ஒருநாள் லீவு போட்டிருந்தான். அம்மா அவனைப் பார்த்து, "மெலிஞ்சு போயிட்டியே" என்றார். அவன் அம்மாவின் போர்வையை இழுத்து மூடிவிட்டான். ஆனாலும் கன்டீனுக்கு வந்து உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணே, இன்னைக்கு நல்லா இருக்கு. நாளைக்கு? நீங்க ரெண்டு பேரும் மலைக்குப் போனா யாரு பாக்குறது? அங்க எடம் காலியா இருக்கு. விட்டா வேற ஆளுக்குப் போயிரும்."

அவன் சொன்னதில் பிழையில்லை. நான் தனத்தைப் பார்த்தேன். பாரம் முழுக்க அவள் மேல்தான் விழும். அவள் பனிஸைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாக்குறேன்னு வீராப்பு பேசமாட்டேன் தம்பி. என் கையில இன்னும் பல்லுத் தடம் இருக்கு" என்றாள். "ஆனா தண்ணி குடுக்காம வச்சிருந்து, புத்தி கெட்டுப் போச்சுன்னு அனுப்புறது சரியில்ல. தண்ணி குடுத்துப் பாப்போம். ஒரு மாசம். அதுக்கும் முடியலன்னா நானே கூட்டிட்டுப் போயி விடுறேன்."

தம்பி அவள் கையைப் பார்த்தான். "ஒரு மாசம்" என்றான். "நான் வந்து என் கண்ணால பாப்பேன்."

"வா. வரும்போது ஒரு கக்கூஸ் கோப்பையும் வாங்கிட்டு வா" என்றேன். அவன் புரியாமல் பார்த்தான்.

அவன் வரும்வரை காத்திருக்கவில்லை. அம்மா வார்ட்டில் இருந்த அந்த வாரமே கட்டினேன். வீட்டுக் கக்கூஸின் குழி பின்பக்கம்தான் இருந்தது. ஒரு குழாய் போட்டால் போதும். காணியின் எல்லையில், குசினியிலிருந்து பதினான்கு அடியில் நாலு கம்பம் நட்டுத் தகரம் அடித்தேன். குந்தும் கோப்பை. எழும்பும்போது பிடிக்க இரும்புக் குழாய். போகிற வழியில் வழுக்காமல் இருக்கக் கருங்கல் பதித்தேன்.

அக்கம்பக்கம் எல்லாம் என்னோடு சேர்ந்து புது வீடு வாங்கியவர்கள். வேலியில் நின்று பார்த்தார்கள்.

"என்ன அண்ணே, வீட்டுக்குள்ள ஒண்ணு பத்தலியா?" என்றான் சுப்பிரமணி.

"அம்மாவுக்கு."

"கக்கூச வீட்டுக்குள்ள குடுன்னு ஊர்வலம் போனோம். நீங்க வெளிய கட்டுறீங்க. அடுத்து லயமும் கட்டிருவீங்க போல."

"ஒனக்கு ஒரு காம்பரா போட்டு வைக்கிறேன். இந்தத் தகரத்தப் பிடி."

பிடித்தான். சாயங்காலம் வரை நின்று ஆணியும் அடித்துக் கொடுத்தான்.

அம்மா வீட்டுக்கு வந்தார். பின்கதவின் பூட்டைக் கழற்றி வைத்திருந்தேன். அம்மா தகரத்தைப் பார்த்தார். தனத்தின் கையைப் பிடித்தார். "வாடி, போவோம்" என்றார். லயத்தில் பெண்கள் தனியாகப் போவதில்லை, ஒருத்தி காவலுக்கு நிற்பாள். அந்தப் பழக்கத்தையும் நாங்கள் மறந்திருந்தோம். அம்மாவுக்கு அது மறக்கவில்லை.

நாங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்குப் பொருந்துமானால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பெரிய கங்காணியிடம் பேசி வெளிச்சம் வந்த உடனே மலைக்குப் போகிறேன். என் அளவை வெட்டி முடித்துப் பதினொரு மணிக்குள் வந்துவிடுவேன். அதுவரை எதிர்வீட்டு மாரியாயி அக்கா அம்மாவைத் தன் குசினியில் உட்கார்த்தி வைத்திருப்பார். இருவரும் போஞ்சி (பீன்ஸ்) உடைப்பார்கள். அக்கா உடைத்ததை அம்மா எண்ணுவார், தப்பாக. அக்காவுக்கு வாரம் ஒரு கட்டு விறகு வெட்டிக் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு கோப்பை தண்ணீரோ சாயத்தண்ணியோ. கடைசிக் கோப்பை ஐந்து மணிக்கு. ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு மணி நேரம் கழித்துக் கருங்கல் பாதையில் ஒரு நடை. படுக்கையில் ரப்பர் சீட் விரித்திருக்கிறோம். சில நாள் நனையும். நனைந்தால் துவைப்போம்.

உங்கள் வீட்டுப் பெரியவர் சில நாளில் திடீரென்று மாறிப்போனால், நோய் முற்றிவிட்டது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு குடிக்கிறார், எத்தனை தரம் போகிறார் என்று பார்த்து வையுங்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான்.

மறதி போகவில்லை. டொக்டர் அதை மறைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கீழேதான் போகும் என்றார். இல்லம் கெட்ட இடம் என்றும் நான் சொல்லவில்லை. ஒருநாள் தேவைப்படலாம். அப்போது தண்ணீர் கொடுத்துப் பார்த்துவிட்டோம் என்ற நிம்மதியோடு கையெழுத்துப் போடுவேன்.

சொன்னபடி ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். எல்லாவற்றையும் பார்த்தான். போர்வையை முகர்ந்துகூடப் பார்த்தான். பிறகு குசினியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினான். அம்மாவும் மரியாதையாகப் பேசினார். ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார். அவனுக்கு அப்போதே முகம் வாடிவிட்டது. கடைசியில் அம்மா அவன் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"தம்பி, வெயில் எறங்கிருச்சு. வீட்டுக்குப் போங்க. ஒங்கம்மா தேடும்."

தம்பி தரையைப் பார்த்தான். கடித்ததையும் திட்டியதையும் கேட்டுத் தாங்கியவன் இதைத் தாங்கவில்லை.

"சரின்னு சொல்லிட்டுப் பின்கதவால போ. வீட்டச் சுத்தி முன்கதவால வா" என்றேன்.

"என்னாண்ணே இது?"

"போய்ட்டு வா. நான் தெனமும் போறேன்."

"சரிங்கம்மா, போய்ட்டு வாறேன்" என்று எழுந்து போனான். டவுன் சப்பாத்தோடு கரட் பாத்தியை மிதித்துக்கொண்டு போவது ஜன்னலில் தெரிந்தது. சுற்றி வர நேரமானது. எங்கேயோ நின்றுவிட்டு வந்தான் என்று நினைக்கிறேன். முன்கதவு திறந்தது.

அம்மா திரும்பிப் பார்த்தார்.

"ரவியா? ஏன்டா இவ்வளவு நேரம், பஸ்ஸு பிந்திருச்சா? தனம், அவனுக்குத் தேத்தண்ணி ஊத்து."

எப்போதும் இப்படி நடக்காது. சில நாள் நான் மூன்று சுற்றுச் சுற்றியும் வேற்று ஆளாகவே இருப்பேன். தம்பிக்கு முதல் சுற்றிலேயே கிடைத்தது. அவன் தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். குடித்து முடித்து, "அந்த எடத்துக்கு போன் பண்ணி இப்ப வேணாம்னு சொல்லிர்றேன்" என்றான்.

"எந்த எடம்?" என்றார் அம்மா.

"தூரம்மா. ஒரு வேலைக்குப் பாத்தது."

"தூரமா வேணாம்" என்றார் அம்மா.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது.

அம்மாவோடு குடிக்கப் பழகியதில் எனக்கும் ஆறு கோப்பை ஆகிவிட்டது. அவர் அசையும்போதே என் அடிவயிற்றில் தெரிகிறது. கவ்வாத்து வெட்டி முழங்கால் தேய்ந்துவிட்டதே, வயசு போகிறதே என்று முன்பு கவலைப்பட்டேன். இப்போது எனக்கு என்ன வயது என்பதைத் தினமும் அம்மா சொல்கிறார். ஒருநாள் ஏழு. ஒருநாள் அவருடைய அண்ணன். நான் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை.

தனம் மலையில் இருக்கும் நேரம் அம்மா என்னோடுதான் கக்கூசுக்குப் போவார். பாதி வழியில் நிற்க வேண்டும், முதுகைக் காட்டிக்கொண்டு. நாற்பத்தைந்து வருஷம் சங்குச் சத்தத்துக்கு ஓடிய உடம்பு இது. ஐந்து நிமிஷம் சும்மா நின்றால் யாரோ பெயர் வெட்டிவிடுவார்கள் போல் கால் பதறும். இப்போது பதறுவதில்லை. பனி இறங்கி எதிர் மலை மறைகிறது. திரும்பத் தெரிகிறது. உள்ளேயிருந்து, "நிக்கிறியா?" என்று குரல் வரும்.

"நிக்கிறேன்" என்பேன்.